படம் நிற்கும் நேரம்

என் வீட்டுக்காரர் கதவைத் தட்டி வீட்டுக்குள் வந்தவர் இல்லை. என் சீரியலை நிறுத்திவிட்டுத்தான் வருவார்.

ஜெலுத்தோங் பக்கம் பழைய அடுக்குமாடியில் மூன்றாவது மாடி எங்கள் வீடு. எங்கள் வைஃபை படிக்கட்டின் திருப்பம் வரைக்கும் எட்டும். பத்து காவான் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, மோட்டோர் சைக்கிளைக் கீழே நிறுத்திவிட்டு, மூச்சு வாங்கப் படியேறி அந்தத் திருப்பத்துக்கு வந்ததும் போனை எடுத்து ஒரு தட்டு தட்டுவார். உள்ளே டிவியில் மருமகளை அறைய ஓங்கிய மாமியாரின் கை அப்படியே காற்றில் நிற்கும். திரையின் அடியில் சின்னதாக ஒரு பட்டை வரும்: ‘பாஸ் இணைந்தது.’ தன் போனுக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் அது. என் போனுக்கும் அவரே ‘மேடம்’ என்று பெயர் வைத்திருந்தார். எங்கள் வீட்டில் யார் பாஸ் என்பது அந்த மாடி முழுக்கத் தெரியும். ஆனாலும் மனிதருக்கு அப்படி ஓர் ஆசை.

“மனுசிய சாகடிக்கிறதே வேலையாப் போச்சு ஒங்களுக்கு! நல்ல எடத்துல கொண்டாந்து நிறுத்துறீங்க!” என்று மூடிய கதவைப் பார்த்துக் கத்திக்கொண்டே எழுந்து போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைப்பேன். கேத்தல் சூடாகத் தொடங்கும்போது வெளியே செருப்பு கழற்றும் சத்தம் கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும் அத்தை, அதாவது அவருடைய அம்மா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார். மகன் செய்யும் எந்தக் குறும்பும் அவருக்கு அழகுதான்.

இந்த விளையாட்டுக்கு வழி செய்ததே நான்தான். டிவியோடு மாட்டியிருந்த பெட்டியின் ரிமோட்டில் ஒரு குவளை தேநீரைக் கொட்டிவிட்டேன். புதிதாக ஒன்று வாங்குங்கள் என்றதற்கு, “போன் இருக்குறப்ப ரிமோட் எதுக்கு லா?” என்று சொல்லி, அவர் போனிலும் என் போனிலும் ஏதோ ஒரு செயலியை ஏற்றினார். அன்றிலிருந்து அந்தப் பெட்டி இந்த இரண்டு போன்களுக்கு மட்டும்தான் அடங்கும். அத்தையிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய போன். ஞாயிற்றுக்கிழமைகளில் இவர், பூட்டுக்கூடப் போடாத தன் போனை அத்தையின் கையில் வைத்து, “இந்த வட்டத்த மட்டும் தொடும்மா, நின்னுரும். மறுபடி தொட்டா ஓடும்” என்று சொல்லிக் கொடுக்கப் பார்ப்பார். அத்தை, தோசைக்கல் சுட்டுவிட்டதா என்று பார்ப்பதைப் போல ஒரு விரலால் தொட்டுவிட்டு, “எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்?” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

மழை பெய்த ஒரு சாயங்காலம் படம் நிற்கவில்லை.

சீரியலைத் தடையில்லாமல் கடைசி வரை பார்த்தது அன்றைக்குத்தான். சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த சீரியலின் பாட்டு தொடங்கியபோதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தார், நான் அத்தையைப் பார்த்தேன். வீட்டுக்காரர் போனுக்கு அடித்தால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. பிறகு வேறு யாரோ எனக்கு அடித்தார்கள்.

தொழிற்சாலையிலிருந்து வரும் வழியில், கடல்மேல் போகும் இரண்டாவது பாலத்தில், மழையில், ஒரு லாரி. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. மருத்துவமனையில் கைக்கடிகாரமும் மோதிரமும் பணப்பையும் கொடுத்தார்கள். போன் இல்லை. “பாலத்துல விழுந்துச்சுன்னா கடலுக்குள்ளதான் போயிருக்கும் லா” என்றார் என் அண்ணன். நானும் அப்படித்தான் நினைத்தேன். தண்ணீருக்கு அடியில், சேற்றில், பாஸ் என்ற பெயரோடு அது கிடப்பதாக நினைத்துக்கொள்வேன்.

துக்க வீட்டில் டிவி போடக் கூடாது. அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடினோம். பக்கத்தில் அவர் படத்தை வைத்து, மாலை போட்டு, விளக்கேற்றினோம். வந்தவர்கள் வந்தார்கள், போனவர்கள் போனார்கள். யாரோ புண்ணியவான் சுவரில் மாட்டியிருந்த போன் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். துக்கத்துக்கு வந்த இடத்தில் சார்ஜரைத் தூக்கும் ஜென்மங்களும் இருக்கின்றனவே என்று அந்த அழுகைக்கு நடுவிலும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஈப்போவிலிருந்து வந்திருந்த அவருடைய தங்கை கிளம்பிவிட்டாள். துக்க வீட்டில் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது என்பார்கள். அந்த முறையை அவள் ரொம்ப ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். பெற்ற தாயை என்ன செய்வது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டது என் அண்ணன்தான். கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி.

“நீ எங்கூட சிம்பாங் அம்பாட்டுக்கு வந்துரும்மா. மேல் ரூம் சும்மாதான் கெடக்கு. இந்த வீட்ட வாடகைக்கு விட்டுருவோம்.”

“அத்தே?”

“ஈப்போல மக இருக்காள்ல? அவ பாத்துக்கட்டும். இல்லாட்டி நல்ல ஹோம் ஒன்னு கேட்டு வச்சிருக்கேன். சுத்தமா இருக்கும், சாப்பாடும் பரவால்ல.”

அத்தையின் அறைக்கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கட்டில் ஒரு தடவை கிறீச்சிட்டது. எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. ஒரு பல் மருத்துவரிடம் அரைநாள் வேலை செய்கிறேன், அதில் எனக்கும் அத்தைக்கும் வயிறு நிறையும். ஆனால் அன்றைக்கு எதையும் யோசிக்கும் நிலையில் நான் இல்லை. “பாக்கலாம்ணே” என்றேன்.

மறுநாள் சாயங்காலம் டிவியின் மேலிருந்த துணியை எடுத்தேன். பார்க்கும் ஆசையில் இல்லை, வீட்டின் அமைதி காதை அடைத்தது. அத்தை தலை வலிக்கிறது என்று அறையில் படுத்திருந்தார். என் போனால் சீரியலைப் போட்டுவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யார் என்ன பேசினார்கள் என்று தலையில் ஏறவே இல்லை.

படம் நின்றது.

சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் வந்தது பயமில்லை. என் கால்கள் தன்னால் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டன. குழாயைத் திறந்து கேத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. தண்ணீர் நிரம்பி வழிந்தது. குழாயை மூடக் கை வரவில்லை. மெல்லத் திரும்பிப் பார்த்தேன். திரையில் பாதி திறந்த வாயோடு ஒரு பெண்ணின் முகம். பக்கத்தில் மாலையோடு அவர். இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். திரையின் அடியில் அந்தப் பட்டை இன்னும் மறையவில்லை. ‘பாஸ் இணைந்தது.’

செருப்பு கழற்றும் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். வர வேண்டும் என்று ஒரு மனம் கெஞ்சியது. வந்துவிடக் கூடாதே என்று இன்னொரு மனம் நடுங்கியது. எந்தச் சத்தமும் வரவில்லை. அத்தையின் அறைக்கு ஓடினேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

“என்னம்மா?” என்றார் திரும்பாமலே.

“ஒன்னுமில்ல அத்தே. தேத்தண்ணி போடவா?”

“போடும்மா.”

மகனைப் பறிகொடுத்த மனுஷியிடம் போய், உங்கள் மகன் டிவியை நிறுத்துகிறார் என்று எப்படிச் சொல்வேன்? நான் பட்ட பயமே போதும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாளும். அதே நேரம், அவர் படியேறி வரும் நேரம். ஒரு நாள் டிவியைப் போடாமலே இருந்து பார்த்தேன். அது அதைவிட மோசம். கறுத்த திரையில் என் உருவம் தெரிந்தது, அதற்குப் பின்னால் வாசல் கதவும் தெரிந்தது. கதவு திறக்கிறதா என்று கண்ணாடியில் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போதும் சாமி என்று கடைசியில் நானே டிவியைப் போட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன்.

“வைஃபை பாஸ்வேர்டு வேற யாருக்காச்சும் தெரியுமா?” என்றார் முதலில்.

“தெரிஞ்சா மட்டும்? அவரு போன் பேரு வருதுக்கா. கடல்ல கெடக்குற போனுக்கு எவன் சார்ஜு போடுறான்?”

அக்கா படிக்கட்டுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, “பதினாற சரியா செஞ்சீங்களா? வாசலத் தாண்டிப் போவ மனசில்லாம நிக்கிறாரு போல. பாலிக் புலாவ்ல ஒருத்தரு இருக்காரு, மந்திரம் போட்டு நல்லா கட்டுவாரு. நான் கூட்டிட்டுப் போறேன்” என்றார். என் புருஷனைக் கட்டி நிறுத்த ஆள் தேடும் நிலைக்கு வந்துவிட்டோமே என்று நினைத்தபோது அழுகையாக வந்தது.

ஆவியாக இருந்தால் ஒரு பயம். ஆளாக இருந்தால் அதைவிடப் பெரிய பயம். போன் கடலில் விழாமல் எவன் கையிலாவது கிடைத்திருந்தால்? அதில் எங்கள் விலாசம் இருக்கும், படங்கள் இருக்கும். வீட்டில் இரண்டு பெண்கள் தனியாக இருப்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். வைஃபை எட்டும் தூரத்தில், அந்தப் படிக்கட்டுத் திருப்பத்தில், தினமும் ஒருவன் வந்து நிற்கிறான் என்றல்லவா ஆகிறது? இப்படி யோசித்ததிலிருந்து கதவுக்கு முட்டுக்கொடுத்து ஒரு நாற்காலியை வைத்தேன். காய்கறி வெட்டும் கத்தியை சோஃபா மெத்தைக்கு அடியில் செருகினேன். உட்காரும்போது அது குத்துமோ என்று தனியாக ஒரு பயம்.

கடைசியில் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“ஞாயித்துக்கிழம கெரேத்தாவ ஓட்டிக்கிட்டு வரேன். துணிமணிய கட்டி வை. அந்த வீட்ல இனி ஒரு நாளும் இருக்காதே” என்றார். நான் சரி என்றேன். உண்மையில், அப்போது யார் எங்கே கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பேன்.

அத்தையிடம் சொல்வதற்குத்தான் நாக்கு எழவில்லை. வெள்ளிக்கிழமை, சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, திரியைத் தூண்டுவது போல அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

“அத்தே, கொஞ்ச நாளைக்கு அண்ணன் வீட்ல போய் இருக்கலாம்னு பாக்குறேன். நீங்க அதுவரைக்கும் ஈப்போல...”

“சரிம்மா” என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனார்.

அன்று சாயங்காலம் படம் நின்றது. உடனே ஓடியது. மறுபடி நின்றது. ஓடியது, நின்றது, ஓடியது, நின்றது. ஒரு முகம் அழ ஆரம்பித்து அழ முடியாமல் திக்கித் திக்கி நின்றது. கோபம் என்று நினைத்தேன். நான் போகிறேன் என்று தெரிந்து அவருக்குக் கோபம் வந்துவிட்டது என்று நினைத்தேன். “வேணாங்க! விட்ருங்க! என்னைய விட்ருங்க!” என்று வீறிட்டேன். படம் அப்படியே நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து கதவைத் தட்டினார். நாற்காலியை நகர்த்திவிட்டுக் கதவைத் திறந்தேன். அத்தை மட்டும் அறையைவிட்டு வெளியே வரவில்லை. பாவம், நடுங்கிப்போய்க் கிடக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

சனிக்கிழமை. பைகள் கட்டி வைத்தாயிற்று. போவதற்கு முன் ஒரு முறையாவது தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று ஒரு வீம்பு வந்தது. என் சுபாவமே அப்படித்தான், பயம் ஓர் அளவுக்குமேல் போனால் அது கோபமாகிவிடும். சீரியலைப் போட்டு, சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, துடைப்பக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். தாழ்வாரத்தில், படிக்கட்டுத் திருப்பம் தெரிகிற மாதிரி ஒரு தூணோரமாக நின்றேன். யாரோ மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே மோட்டோர்கள் வந்து ஒவ்வொன்றாக நின்றன. ஒவ்வொரு முறையும் என் நெஞ்சும் நின்று ஓடியது. வந்தவர்கள் அவரவர் மாடிக்குப் போனார்கள். திருப்பத்தில் ஒருவரும் நிற்கவில்லை.

உள்ளே ஒரு பெண் சத்தமாக வசனம் பேசிக்கொண்டிருந்தாள். பாதி வார்த்தையில் குரல் அறுந்தது.

படிக்கட்டில் யாருமே இல்லை. கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன், யாருமே இல்லை. ஆளாக இருந்தால் அடிக்கலாம் என்றுதானே துடைப்பக்கட்டையைக் கொண்டுவந்தேன்? அது கையிலிருந்து நழுவி விழுந்தது. வீட்டுக்குள் போகவும் பயம், வெளியே நிற்கவும் பயம். சுவரோடு ஒட்டிக்கொண்டு கதவை நோக்கி நகர்ந்தேன்.

வாசலுக்கு முன்னால் வருவது, தாழ்வாரத்தைப் பார்த்திருக்கும் அத்தையின் அறை ஜன்னல். அதன் கண்ணாடிப் பட்டைகள் சாய்ந்து திறந்திருந்தன. உள்ளே விளக்குப் போடவில்லை. ஆனால் ஒரு வெளிச்சம் இருந்தது. கட்டிலின் ஓரத்தில் அத்தை உட்கார்ந்திருந்தார். கையில், கீறல் விழுந்த கண்ணாடியோடு, என் வீட்டுக்காரருடைய போன். அதன் அடியில், காணாமல்போன என் சார்ஜர் தொங்கியது. ஒரு விரலை நீட்டியபடி, கூடத்தில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே போய் அந்த அறையில் விளக்கைப் போட்டேன். போனைத் தலையணைக்கு அடியில் தள்ளப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

“யாரு குடுத்தா அத்தே?”

“அவன்கூட வேல செய்யிற மலாய்க்காரத் தம்பி. அவன எடுத்த அன்னிக்கி வந்து என் கையில வச்சான். ரோட்டுல கெடந்துச்சுன்னான்.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ வாங்கிக்குவ. வச்சிக்க எனக்கு ஒன்னாச்சும் வேணும்ல?”

“சரி, வச்சிக்கிட்டீங்க. அத வச்சி ஏன் அத்தே இப்படிப் பண்ணீங்க? பயத்துல செத்திருப்பேனே நான்! தூக்கமில்ல, சோறில்ல, கத்திய வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன்!”

அத்தை என்னை ஒன்றும் புரியாமல் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

“பயந்தியா? நம்ம பையன்தானம்மா அவன். அவனுக்கு எதுக்கும்மா பயப்படணும்?”

அவரே மெதுவாகச் சொன்னார்.

“ஒங்க அண்ணன் சொன்னது காதுல விழுந்துச்சு. அவன் தெனம் வர்றான்னு தெரிஞ்சா நீ போவ மாட்டேன்னு நெனச்சேன். புருசன் வர்ற வீட்ட விட்டுட்டு எவ போவா? நேத்து நீ போறேன்னதும் கை நடுங்கிப் போச்சு. நிறுத்தவும் முடியல, விடவும் முடியல.”

என்னை இருக்கவைக்க அவர் கண்டுபிடித்த ஒரே வழிதான் என்னை வீட்டைவிட்டே விரட்டிக்கொண்டிருந்தது. கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன், நிறையவும் வைத்திருந்தேன். ஆனால் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் முகத்தை வைத்து அழுதேன். பதினாறு நாளும் ஊர் பார்க்க அழுத அழுகை வேறு, இது வேறு. கூடத்தில் அந்தப் படம் நின்றது நின்றபடியே இருந்தது.

“நான் வரலண்ணே” என்று அன்றே அண்ணனுக்குச் சொன்னேன். பேய் பிடித்துவிட்டதா என்றார். ஆமாம், பிடித்துவிட்டது, இனி விடாது என்றேன்.

போன் இப்போது அத்தையிடம்தான் இருக்கிறது. சாயங்காலமானால் நிறுத்துகிறார். நானும் கதவைப் பார்க்காமல் அவர் அறையைப் பார்த்துக் கத்திக்கொண்டே தண்ணீர் வைக்கிறேன். பழைய பயம் போய்விட்டது. அந்த இடத்தில் வேறொரு பயம் வந்து உட்கார்ந்திருக்கிறது. போன வாரம் அதன் முகத்தைப் பார்த்தேன்.

அன்றைக்குப் படம் நிற்கவில்லை. விளம்பரம் வந்தது, போனது. சீரியல் முடியப்போகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த மழைநாளைப் போலவே கடிகாரத்தைப் பார்த்தேன். அத்தையின் அறை கையெட்டும் தூரம்தான். எழுந்து போய்ப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அடுத்த சீரியலின் பாட்டு தொடங்கியது.

“ஏம்மா,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, “இதுல சார்ஜு நிக்க மாட்டேங்குது. நீயே நிறுத்திக்கிறியா?”

“மனுசிய சாகடிக்கிறதே வேலையாப் போச்சு ஒங்களுக்கு!” என்று கத்தினேன். கத்தி முடிக்கும் முன்பே கண்ணீர் வந்துவிட்டது. பிறகு என் போனை எடுத்து, படத்தை நானே நிறுத்திவிட்டு, தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனேன்.